அக்ரிலிக் என்று எழுதியிருந்தால் போதுமா? ஏர்பிரஷ் பெயின்ட்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஓவியத்துக்கு வாங்கிய டியூப் அக்ரிலிக்கைத் தண்ணீரில் கரைத்து, காற்றழுத்தத்தில் பெயின்டைத் தூவும் ஏர்பிரஷ்ஷில் 0.2 மி.மீ. நாசில் வைத்து அடிக்கிறேன். ஐந்து நிமிடத்தில் அடைத்துக்கொள்கிறது. தண்ணீரைக் கூட்டினால் சிலந்திக்கால் மாதிரி ஓடுகிறது. ஏர்பிரஷ்ஷுக்கென்று தனி பெயின்ட் வாங்கியே ஆக வேண்டுமா?
– வாசகர், விழுப்புரம்

0.2 நாசிலை வைத்துக்கொண்டு வேலை செய்வதானால், ஆம். டியூப் பெயின்ட் தூரிகைக்கும் கத்திக்கும் செய்தது. குழைவாக நிற்பதற்காக அதில் கெட்டிப்பொருள் சேர்த்திருப்பார்கள். தண்ணீர் விட்டால் கெட்டித்தன்மை குறையும். கூடவே நிறமியைப் பிடித்துவைக்கும் பிசினும் நீர்த்துப்போகும். காய்ந்தபின் விரலால் தேய்த்துப் பாருங்கள், பொடி ஒட்டினால் அதுதான் காரணம். ஏர்பிரஷ் பெயின்டில் நிறமியை மிக நைசாக அரைத்திருப்பதால் மெல்லிய நாசிலிலும் போகும்.

டியூப்பைத்தான் பயன்படுத்துவேன் என்றால் தண்ணீரை விட்டுவிட்டு, ஏர்பிரஷ் மீடியத்தை (பிசின் உள்ள மெல்லிய திரவம்) சரிக்குச் சரி கலந்து தொடங்குங்கள். மெல்லிய நைலான் துணியில் வடிகட்டுங்கள். நாசில் 0.5, காற்றழுத்தம் 20–25 பி.எஸ்.ஐ. இருக்கட்டும். கலவையைக் கிண்ணத்தின் பக்கச் சுவரில் இழுத்துவிட்டால், பால் வழிவதுபோல இறங்கி மெல்லிய படலம் விட்டுப்போக வேண்டும்.

அடைப்பு பெரும்பாலும் ஊசி முனையில்தான். காற்று அங்கே உரசிப்போகும்போது தண்ணீர் சட்டென்று ஆவியாகிறது. காய்ந்த அக்ரிலிக் மறுபடி தண்ணீரில் கரையாது. பூதக்கண்ணாடியில் பார்த்தால் முனையைச் சுற்றிக் கடுகைவிடச் சிறிய ஒரு பொருக்கு தெரியும். முதலில் கோடு ஒரு பக்கமாக ஒதுங்கும்; நீங்கள் விசையை இன்னும் பின்னால் இழுப்பீர்கள்; பிறகு சொட்டுச் சொட்டாகத் துப்பும். ஒதுங்கத் தொடங்கும்போதே நிறுத்தி, கிளீனரில் நனைத்த மென்தூரிகையால் முனையைத் துடைத்துவிடுங்கள். 7 மி.லி. கிண்ணத்துக்கு ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) இரண்டு மூன்று சொட்டு போதும். கூடினால் பெயின்ட் நாள் முழுக்கப் பிசுபிசுக்கும்.

சிலந்திக்கால் வேறு சங்கதி: பெயின்ட் நீர்த்திருக்கிறது, காற்று பலமாக இருக்கிறது, கையும் பக்கத்தில் இருக்கிறது. அழுத்தத்தை 12–15க்கு இறக்கி, சற்றுத் தள்ளி நின்று, மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். இதற்கு நேர்மாறாக, பரப்பு உப்புத்தாள் மாதிரி சொரசொரத்தால் துளிகள் வழியிலேயே காய்ந்துவிடுகின்றன. அப்போது கிட்டே வர வேண்டும்.

கேள்வி: மாடல் விமானத்துக்கு டமியா அக்ரிலிக்கும் வயேஹோ அக்ரிலிக்கும் வைத்திருக்கிறேன். ஒரே தின்னரைப் போட்டதும் ஒன்று கிண்ணத்திலேயே ரப்பராகத் திரண்டுவிட்டது. இரண்டும் அக்ரிலிக்தானே?
– வாசகர், திருச்சி

'அக்ரிலிக்' என்பது பிசினின் பெயர். அது எதில் கரைந்திருக்கிறது என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. கடைக்காரர்கள்கூடக் குழம்பும் இடம் இது. டமியாவின் எக்ஸ், எக்ஸ்.எஃப் வரிசைகள் ஆல்கஹால் சார்ந்தவை. எக்ஸ்-20ஏ தின்னரோடு நன்றாகச் சேரும். வயேஹோவின் மாடல் ஏர் நீரில் மிதக்கும் பிசின் துகள்கள். அதில் ஆல்கஹாலோ லாக்கர் தின்னரோ விழுந்தால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஊசியையும் நாசிலையும் கழற்றிக் கழுவுங்கள். கிண்ணத்தை மட்டும் அலசினால் உள்ளே கட்டிக்கொள்ளும்.

கேள்வி: பைக் டேங்கில் படம் வரைய வேண்டும். எனாமல் போதுமா? பெட்ரோல் சிந்தினால் தாங்குமா?
– வாசகர், கோவை

சாதாரண எனாமல் வேண்டாம். அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மெதுவாக இறுகுவது. பெட்ரோல் பட்டால் மென்மையாகும். அதன்மேல் லாக்கர் அடித்தால் தின்னர் உள்ளே இறங்கிப் பரப்பே சுருக்கம் விழுந்து எழும்பும்.

2கே (ஹார்டனர் என்னும் இறுக்கியைக் கலந்து அடிக்கும் இரு பகுதி வகை) பிரைமர் அடித்து, காய்ந்ததும் 600–800 வாட்டர் பேப்பரில் தேய்த்து, சால்வென்ட் பேஸ்கோட் (அடிநிறப் பூச்சு), அதன்மேல் படம், கடைசியில் 2கே கிளியர் (நிறமற்ற மேற்பூச்சு). பெட்ரோலைத் தாங்குவது அந்தக் கிளியர் மட்டுமே. ஹார்டனர் அளவு டப்பாவில் போட்டபடி, 2:1 என்றால் 2:1, கண்ணளவு கூடாது. படத்துக்கு நீர் சார்ந்த ஏர்பிரஷ் பெயின்டும் போடலாம். ஆனால் மெல்லியதாக, முழுக்கக் காய்ந்த பிறகே கிளியர். உள்ளே ஈரம் நின்றால் கொப்புளம் வரும். மழை நாளில் லாக்கர், பேஸ்கோட் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் படிந்து வெண்புகை மாதிரி மங்கும்.

தயவுசெய்து ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். 2கே ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு மிகக் கொஞ்சம் பட்டாலும் ஆஸ்துமா கிளம்பும். துணி மாஸ்க் பயன்படாது. வாசனை வரவில்லை என்பதும் அடையாளமல்ல. வெளியிலிருந்து சுத்தக் காற்று தரும் முகக்கவசம் இல்லையென்றால், படத்தை மட்டும் நீங்கள் வரைந்து, 2கே பிரைமரையும் கிளியரையும் பெயின்ட் பூத் உள்ள பட்டறையில் அடித்து வாங்குங்கள்.

கேள்வி: 'நான்டாக்ஸிக்' (நச்சற்றது) என்று போட்ட பெயின்டைக் கேக்கில் அடிக்கலாமா?
– வாசகர், மதுரை

கூடாது. அந்தச் சொல் சாப்பிடலாம் என்று சொல்லவில்லை. உணவு நிறமியும், அதற்கென்றே ஒரு தனி ஏர்பிரஷ்ஷும் வேண்டும். பெயின்ட் அடித்த ஏர்பிரஷ்ஷின் வாஷர் இடுக்கில் மிச்சம் நிற்கும். சாக்லெட் பரப்பில் தண்ணீர் நிறம் முத்து முத்தாக ஒதுங்கும். அதற்குக் கொக்கோ வெண்ணெய் நிறம் வாங்கி, சுமார் 30–32 டிகிரியில் வைத்து அடியுங்கள். ஏ.சி. அறையில் நாசிலுக்குள்ளேயே உறையும். அடிப்பதற்கு முன் ஹேர் ட்ரையரால் ஏர்பிரஷ்ஷையும் லேசாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள்.