கைரோபிராக்டிக் பத்தி நல்ல நியூஸ்லெட்டர் எங்க கிடைக்கும், எப்படி சப்ஸ்கிரைப் பண்றது?

கைரோபிராக்டிக்னா முதுகெலும்ப கையால அமுக்கி, திருப்பி சரி பண்றதா சொல்ற வைத்தியம். இத கேக்குறீங்கன்னா உங்களுக்கோ வீட்டுல யாருக்கோ முதுகு வலி இருக்கும், முதுக திருப்பி டொக்குனு சத்தம் வர வைக்கிற வீடியோ நாலஞ்சு பாத்திருப்பீங்க. நானும் அப்படித்தான் போயி மாட்டினேன், அதான் கடைய அடைச்சிட்டு வந்து உக்காந்து எழுதுதேன்.

மார்த்தாண்டத்துல டிடிபி கடை வச்சிருக்கேன். காலைல ஒம்பதுக்கு சேர்ல உக்காந்தா எந்திரிக்க ராத்திரி எட்டாயிரும். 2022-ல இடுப்புல பிடிச்ச வலி வலது கால் வரைக்கும் எறங்கிச்சு. அப்பா ரப்பர் பால் வெட்டுறவரு, "நம்ம ஆசான்ட்ட போயி ஒரு தடவல் போடு மக்கா"ன்னாரு, ஆசான்னா எங்க பக்கத்து நாட்டு வைத்தியரு. நான் கேக்கல. வெளியூர்ல உள்ள ஒரு கைரோ கிளினிக்கோட நியூஸ்லெட்டர்ல மெயில் ஐடி, போன் நம்பர் ரெண்டையும் குடுத்தேன். மறுநாளே போன். போனா எக்ஸ்ரே எடுத்து, ஒரு கால் கட்டையா இருக்கு, எலும்பு விலகியிருக்குன்னு சொல்லி 20 சிட்டிங் பேக்கேஜ், 18,000 ரூபா முன்பணம். படுக்க வச்சு அமுக்கினதும் லேசா இருக்கும், பஸ் ஏறி வீட்டுக்கு வரதுக்குள்ள வலி திரும்பிரும். ஆறோட நிறுத்திட்டேன், மீதி காசு வரல.

மெயில் மட்டும் வாரா வாரம் வந்துச்சு. 1895-ல அமெரிக்கால டேவன்போர்ட்ங்கிற ஊர்ல பாமர்னு ஒருத்தர் ஒரு துப்புரவு தொழிலாளியோட முதுகெலும்ப சரி பண்ணி காது கேக்க வச்சாருன்னு கதை, அதான் இந்த வைத்தியத்தோட ஆரம்பமாம், அதுக்குக் கீழ ஆஸ்துமாவுக்கும் வாங்க, பிள்ளைங்கள கூட்டிட்டு வாங்கன்னு ஆஃபர். ஒருநாள் கோவத்துல அவங்க அனுப்பின 61 மெயில்லயும் ஸ்ட்ரோக்குங்கிற வார்த்தைய தேடினேன். ஒண்ணுல கூட இல்ல. கழுத்த வேகமா திருப்பும்போது மூளைக்குப் போற ரத்தக்குழாய் கிழிஞ்சு ஸ்ட்ரோக் வந்த கேஸ் இருக்கு, அபூர்வம்தான், ஆனா சொல்லணுமா வேண்டாமா?

உடனே சண்டைக்கு வராதீங்க, கைரோபிராக்டிக்கே ஏமாத்துன்னு நான் சொல்லல. 2017-ல அமெரிக்கன் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ்ங்கிற டாக்டர்கள் அமைப்பு இடுப்பு வலிக்கு போட்ட வழிகாட்டுதல்ல மருந்தில்லாத வழிகள்ல சூடு வைக்கிறது, மசாஜ் கூட ஸ்பைனல் மேனிபுலேஷனும், அதாவது முதுகெலும்ப கையால அமுக்கித் திருப்புறதும் இருக்கு. இடுப்பு வலிக்கு ஓரளவு ஆதாரம் இருக்கு, காதுக்கும் ஆஸ்துமாவுக்கும் இல்ல. எனக்கு கடைசில வலிய கொறைச்சது நாகர்கோவில்ல ஒரு பிசியோ சொல்லித்தந்த எக்சர்சைஸும் நடையும்தான், அதுக்கு ரெண்டு மாசம் ஆச்சு. ஆசான்ட்ட போகாதது தப்புன்னும் சொல்லல, சரின்னும் சொல்லல.

அதனால உங்க முதுக வச்சு காசு பாக்குறவங்க அனுப்புற நியூஸ்லெட்டர் வேண்டாம். மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகள தேடுற பப்மெட் சைட்ல ஃப்ரீயா ஒரு அக்கவுண்ட் தொறந்து, ஸ்பைனல் மேனிபுலேஷன், லோ பேக் பெயின்னு இங்கிலீஷ்ல தேடுங்க, தேடுற பெட்டிக்குக் கீழயே கிரியேட் அலர்ட்னு இருக்கும், மாசம் ஒரு தடவைன்னு வச்சா போதும், புதுசா வர ஆராய்ச்சி மெயில்ல வந்துரும். ஒவ்வொரு கட்டுரைக்கும் இருக்குற சுருக்கத்துல கடைசி ரெண்டு வரி படிச்சாலே விஷயம் புரியும். கைரோபிராக்டிக் அண்ட் மேனுவல் தெரபீஸ்னு ஒரு ஜர்னல் இருக்கு, காசில்லாம முழுசா படிக்கலாம், அதுலயும் அலர்ட் உண்டு. இதுக்குன்னு தனி மெயில் ஐடி வச்சுக்கோங்க, போன் நம்பர் மட்டும் எங்கயும் குடுக்காதீங்க.

கேள்விக்கு சம்பந்தமில்லாட்டியும் ஒண்ணு சொல்லுதேன். இந்த மெயில் எல்லாம் ஏசில உக்காருறவன் முதுகுக்குத்தான் கவலப்படுது. நெத்தில லைட்ட கட்டிட்டு விடியுமுன்ன மரத்துக்கு மரம் குனிஞ்சு எந்திரிக்கிற எங்க அப்பா முதுகுக்கு யாரு எழுதுனா? அண்டி ஆபீஸ்ல, அதான் முந்திரி ஃபேக்டரில, நாள் முழுக்க உக்காந்து முந்திரிக்கொட்டைய ஒடைக்கிற பொம்பளைங்களுக்கு? மழை பெஞ்சா வெட்டு இல்ல, வெட்டு இல்லன்னா கூலி இல்ல, இதுல வலின்னு சொல்லி லீவு எங்க போட.

கடைசியா, வலியோட கால் மரத்து பலம் கொறஞ்சாலோ, ஒண்ணுக்கு போறது கட்டுப்பாட்டுல இல்லாம போனாலோ, தொடையிடுக்குல உணர்ச்சி இல்லாம ஆனாலோ எந்த மெயிலும் படிக்காண்டாம், யாரும் தடவவும் வேண்டாம், ராத்திரின்னாலும் நேரா பக்கத்துல உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு, எங்க பக்கம்னா ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜுக்கு போயிருங்க.