எலிக்குக் கேட்ட கீழாநெல்லி அப்பாவுக்குக் கேட்குமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 58, எடை 50 கிலோ. காசநோய்க்கு மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம் ரத்தப் பரிசோதனையில், ஈரல் பாதிப்பைக் காட்டும் எஸ்ஜிபிடி 68 என்று வந்தது. கீழாநெல்லி எலியின் ஈரலைக் காப்பாற்றியதாக ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையைத் தம்பி அனுப்பினான். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்று அதில் இருக்கிறது. மூன்று நாளாக வெறும் வயிற்றில் சாறு கொடுக்கிறோம். தொடரலாமா? எவ்வளவு கொடுக்கலாம்?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: சாற்றை நிறுத்திவிடுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். மூன்று நாளில் குடிமுழுகிப் போகாது. ஆனால் சாறு கொடுத்ததை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

தம்பி அனுப்பியது போன்ற சோதனைகளை நானே பல வருடம் செய்திருக்கிறேன். குழுவுக்கு ஆறு விஸ்டார் வகை ஆய்வக எலிகள், ஒவ்வொன்றும் 150 முதல் 200 கிராம். முனை உருண்ட வளைந்த ஊசியால் மூலிகைச் சாரத்தை ஒரு வாரம் தினமும் எலியின் வயிற்றில் இறக்குவோம். அப்புறம்தான் ஈரலைக் கெடுக்கும் நஞ்சான கார்பன் டெட்ராகுளோரைடை எண்ணெயில் கலந்து கொடுப்போம். ஒரு நாள் கழித்து ஈரலை எடுத்துத் தட்டில் வைத்தால் பரிசோதனை முடிவு வரும் முன்பே கதை தெரிந்துவிடும். நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக வழவழவென்று இருக்கும். நஞ்சு மட்டும் வாங்கியது வெளுத்து மஞ்சளோடிக் கிடக்கும். மூலிகை வாங்கியது இரண்டுக்கும் நடுவில். "ஈரலைக் காத்தது" என்று கட்டுரை சொல்வது இந்த நடுவிலுள்ள நிறத்தைத்தான்.

வரிசையைக் கவனித்தீர்களா? மூலிகை முதலில், நஞ்சு பிறகு. அப்பா விஷயத்தில் அது தலைகீழ். இன்னொன்று, கார்பன் டெட்ராகுளோரைடு அப்படியே ஈரலைக் கெடுப்பதில்லை. ஈரலில் உள்ள ஒரு நொதிதான் அதை உடைத்து, செல்சவ்வின் கொழுப்பை அரிக்கும் துண்டாக மாற்றுகிறது. ஒரு மூலிகை அந்த நொதியை மட்டுப்படுத்தினாலே எலி தப்பித்துவிடும். கெட்ட ஈரலைச் சரிசெய்ததாக அதற்கு அர்த்தமில்லை. அப்பாவின் காசநோய் மாத்திரைகளில் ஒன்றான ஐசோநியாசிட் ஈரலைத் தாக்கும் வழி வேறு. யாருக்குத் தாக்கும் என்பதில் மரபணுவுக்கும் பங்குண்டு. அதோடு, மருந்தை உடைக்கும் நொதிகளில் கை வைக்கும் எந்தச் சாறும் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவையே மாற்றிவிடலாம். காசநோய் சிகிச்சையில் அந்த வம்பு வேண்டாம்.

அளவு விஷயம். கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் 50 கிலோவுக்கு 10 கிராம் என்று பெருக்கத் தோன்றும். அது தப்பு. எலியின் உடல் மருந்தை வேகமாகச் செலவழிக்கும், அதனால் எலி அளவை ஏறக்குறைய 6.2 ஆல் வகுக்க வேண்டும். அப்பாவுக்கு 1.6 கிராம் வரும். அதுவும் சாறு இல்லை, சாராயத்தில் ஊறவைத்து வற்றக் காய்ச்சிய பிசுபிசுப்பான சாரம். உங்கள் டம்ளரில் இருக்கும் சாற்றுக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமே கிடையாது. கீழாநெல்லி என்று சந்தையில் கட்டிக் கொடுப்பதில் அதன் இனச் செடிகளும் கலந்திருப்பது வேறு கதை.

மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி கேட்கும் என்று பாட்டி காலத்திலிருந்து சொல்கிறோமே என்பீர்கள். பெரும்பாலான வைரஸ் காமாலை சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு. தானாக இறங்காத ஹெபடைடிஸ் பி கிருமியை நெடுநாள் சுமந்தவர்களிடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தியாகராஜன் குழுவினர் இதைச் சோதித்து 1988-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்கும் அதில் ஒருவர். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது. சாப்பிடாத 23 பேரில் ஒருவருக்குத்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் தாய்லாந்து உட்பட வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. மனிதர்களிடம் நல்ல தொடக்கம் கிடைத்த மூலிகைக்கே இந்த நிலை என்றால், எலியோடு நிற்கும் கட்டுரைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது?

சீந்தில் கொடி இதைவிட மோசமான பாடம். எலியில் அதுவும் ஈரலைக் காத்தது. கொரோனா காலத்தில் நோய் எதிர்ப்புக்கென்று ஜனங்கள் குடித்தார்கள். மும்பையில் அதைக் குடித்த ஆறு பேருக்கு ஈரல் பாதித்ததை மருத்துவர்கள் 2021-ல் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. அடுத்த வருடம் நாட்டின் பல ஊர் மருத்துவமனைகளிலிருந்து 43 பேரின் விவரம் வெளிவந்தது.

சரி, அந்த 68-க்கு வருவோம். 40 வரை இயல்பு என்று கொண்டால் இது லேசான ஏற்றம். காசநோய் மாத்திரை ஆரம்பித்த முதல் மாதங்களில் இப்படி ஏறுவது சகஜம். பலருக்கு மருந்தை நிறுத்தாமலே இறங்கிவிடும். நீங்கள் சாறு கொடுத்த வாரத்தில் அது இறங்கியிருந்தால் தெருவே கீழாநெல்லி குடித்திருக்கும். வாந்தி, காமாலை மாதிரி அறிகுறிகளோடு இயல்பு வரம்பின் மூன்று மடங்கு, அறிகுறி இல்லாமலே ஐந்து மடங்கு ஏறினால்தான் மருத்துவர்கள் மாத்திரைகளை நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்குவார்கள். எப்போது மறுபரிசோதனை என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் நீங்கள் பார்க்க வேண்டியது: ஓயாத குமட்டல், சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலி. சிறுநீர் நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். காசநோய் மாத்திரைகளில் உள்ள ரிஃபாம்பிசின் எல்லோருக்கும் சிறுநீரை ஆரஞ்சாக்கும். பகல் வெளிச்சத்தில் கண்ணின் வெள்ளையைப் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த வேளை மாத்திரையை மருத்துவரைக் கேட்டுப் போடட்டும்.

அப்பா குடிப்பவரானால் சிகிச்சை முடியும்வரை ஒரு சொட்டும் கூடாது. உடம்பு வலிக்கென்று தானாகப் பாராசிட்டமால் போடுகிறாரா என்றும் கேளுங்கள். அளவு மீறினால் அதுவே ஈரலைக் கெடுக்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கார்பன் டெட்ராகுளோரைடு தீர்ந்துபோன நாட்களில் எலிகளுக்கு நாங்கள் கொடுத்த நஞ்சு அதுதான்.