எழுபத்தெட்டாம் கட்டுரையும் அப்பாவின் சம்பள ஏற்றமும்

அன்புள்ள ஐயா,

நான் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவள், கொழும்பில் சட்டம் படிக்கிறேன். அமெரிக்காவின் ஸ்தாபகர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹமில்டன் 1804இல் துப்பாக்கிச் சண்டையில் செத்துப்போனவர். 2024இல், ஜனாதிபதி மீது குற்ற வழக்குப் போடலாமா என்ற வழக்கில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருடைய எழுத்தை மேற்கோள் காட்டுகிறது. இருநூறு வருடத்துக்கு முந்திய ஒருவர் நினைத்தது இன்றைக்கு எதற்கு? நமக்கும் அப்படி ஒருவர் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்குமா? தமிழரசுக் கட்சியைத் தொடங்கிய தந்தை செல்வாதான் நம்முடைய ஹமில்டன் என்று வகுப்பில் சொன்னேன். சிரித்தார்கள்.

(கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள பிள்ளைக்கு,

சிரித்தவர்களை விடு. அவர்களும் சோதனைக்குத்தான் படிக்கிறார்கள்.

ஹமில்டன் விஷயத்தில் உனக்கு இருக்கும் மலைப்பு கொஞ்சம் அதிகம். நீதிமன்றம் மேற்கோள் காட்டும் பெடரலிஸ்ட் கட்டுரைகள் 85உம் நியூயோர்க் மக்கள் அமெரிக்காவின் புதிய அரசியல் யாப்பை ஏற்க வேண்டும் என்பதற்காக 1787, 88இல் பத்திரிகைகளில் புனைபெயரில் எழுதப்பட்டவை. அவர் எழுதியவை 51. பிரசார எழுத்துத்தான். அதை வேதமாக்கியவர்கள் பின்னால் வந்த வழக்கறிஞர்களும் நீதிபதிகளும். பலமான ஜனாதிபதி வேண்டும் என்பவருக்கு 70ஆம் கட்டுரை இருக்கிறது. அதே மனிதர் 77இல், ஜனாதிபதி நியமித்த ஒருவரை நீக்கவும் செனட்டின் சம்மதம் வேண்டும் என்கிறார். அதை அவர்கள் வாசிக்காமல் தாண்டிவிடுவார்கள்.

உனக்கு இது புதிதா? நம்முடைய கோயில்களில் எந்தக் குடிக்கு என்ன உரிமை என்று சண்டை வந்தால் என்ன நடக்கும்? பழைய கல்வெட்டு ஏடு வெளியே வரும். இரண்டு பக்கமும் அதே ஏட்டைத்தான் வாசிக்கும். கோயிலை நடத்தும் வண்ணக்கர்மாருக்குத் தெரிந்த விஷயத்தை நீ அமெரிக்காவில் போய்க் கண்டுபிடித்திருக்கிறாய்.

செல்வா பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவரைச் சிலையாக்கி மாலை போட்டு முடித்துவிட்டோம். பிரதமர் பண்டாரநாயக்காவோடு அவர் செய்த 1957 ஒப்பந்தத்தில் வடக்கு ஒரு பிராந்தியம், கிழக்கு இரண்டோ அதற்கு மேலோ என்று எழுதியிருந்ததை இங்கே எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை. 1949இல் அவர் கட்சி தொடங்கியபோது கேட்ட சமஷ்டி, அதாவது கூட்டாட்சி, பிரிவினை ஆகாது என்று 2017இல்தான் நமது உயர் நீதிமன்றம் சொன்னது. 68 வருடம். அதுவும் கட்சிக்கு எதிராக வேறு ஒருவர் போட்ட வழக்கில்!

என் கோபம் வேறு. உன் முழுக் கடிதத்தில் ஹமில்டன் பெயர் ஒன்பது இடத்தில் வருகிறது. கோடீஸ்வரன் பெயர் ஒரு இடத்திலும் இல்லை. இலங்கையில் சட்டம் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இது வெட்கம்.

சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பில் 29ஆம் பிரிவு இருந்தது. ஒரு சமூகத்தவருக்கு மட்டும் பாதகமாக, மற்றவர்களுக்கு இல்லாத தடையை விதித்து, பாராளுமன்றம் சட்டம் செய்ய முடியாது என்றது. 1956இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. எனக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது. அரசாங்க லிகிதர்கள், அதாவது எழுதுவினைஞர்கள், சிங்களச் சோதனை சித்தியடையாவிட்டால் சம்பள ஏற்றம் இல்லை என்றார்கள். கோடீஸ்வரன் என்ற லிகிதர் சோதனைக்குப் போகவில்லை. 1962இல் அவருடைய ஏற்றம் நின்றது. வழக்குப் போட்டார்.

என் அப்பாவும் லிகிதர்தான், மட்டக்களப்பில் ஓர் அலுவலகத்தில். அவர் மறுத்தவர் அல்ல, பயந்தவர். சோதனை எழுதினார், தவறினார். ஏற்றம் நிறுத்தம் என்று கடிதம் வந்தது. சிங்களத்தில் வந்தது. சிங்களம் தெரியாததற்காகத் தண்டனை கொடுக்கும் கடிதத்தை அவர் எப்படி வாசிப்பார்? சைக்கிளில் என்னையும் ஏற்றிக்கொண்டு ஒரு சிங்கள பேக்கரிக்காரரிடம் போனார். அந்த மனிதர் மாவுக் கையைச் சாரத்தில் துடைத்துவிட்டு வாசித்தார். “மாத்தயா, சம்பளம் கூடாது எண்டு போட்டிருக்கு.” காசு வாங்காமல் ஒரு றாத்தல் பாணும் தந்துவிட்டார். வரும் வழியில் கல்லடிப் பாலத்தில் அப்பா சைக்கிளை விட்டு இறங்கி உருட்டிக்கொண்டே நடந்தார். எனக்குக் காரணம் விளங்கவில்லை. பாண் சூடாக இருந்தது மட்டும் ஞாபகம்.

1964இல் மாவட்ட நீதிபதி டி கிரெட்சர் அந்த மொழிச் சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரண், செல்லாது என்று தீர்த்தார். நீதிமன்றத்தின் கையில் வாளும் இல்லை, பணப்பையும் இல்லை, தீர்ப்பு மட்டுமே இருக்கிறது, யாப்புக்கு முரணான சட்டத்தை அது தள்ளத்தான் வேண்டும் என்பது ஹமில்டனின் 78ஆம் கட்டுரை. டி கிரெட்சர் அதை வாசித்தாரோ இல்லையோ, அந்த வேலையைச் செய்தார். அன்று பின்னேரமே அப்பா சிங்கள அரிச்சுவடியைப் பரணில் தூக்கிப் போட்டார். அம்மா பாயாசம் வைத்தா.

1967இல் உயர் நீதிமன்றம் அதைப் புரட்டியது. மொழிக் கேள்வியை அது தொடவே இல்லை. அரசாங்க ஊழியர் சம்பளத்துக்காக முடிக்கு, அதாவது அரசுக்கு, எதிராக வழக்குப் போட முடியாது என்றது, அவ்வளவுதான். அரிச்சுவடி பரணிலிருந்து இறங்கியது. இரவில் அரிக்கன் லாம்புக்கு முன்னால் அவர் அயன்ன, ஆயன்ன எழுத, நானும் பக்கத்தில் இருந்து எழுதினேன். எனக்கு அவரைவிட வேகமாக வந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. அடுத்த வருடம் சித்தியடைந்தார். அந்தக் கடிதத்தைப் பேக்கரிக்குக் கொண்டுபோகவில்லை. திண்ணையில் இருந்து, எழுத்து எழுத்தாகக் கூட்டி, தானே வாசித்தார்.

1969இல், அப்போது நமது கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில், ஊழியர் வழக்குப் போடலாம், அந்த 29ஆம் பிரிவுக் கேள்வியை உயர் நீதிமன்றம் தீர்க்கட்டும் என்று திருப்பி அனுப்பியது. அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “இனி எதுக்கு” என்றார். அவர் சொன்னது சரியாகத்தான் போயிற்று. 1971இல் பிரிவிக் கவுன்சிலுக்குப் போகும் வழி அடைபட்டது. 1972 யாப்பில் 29ஆம் பிரிவே இல்லை. கேள்வி கேட்டபடியே கிடக்கிறது.

ஸ்தாபகர் இருந்திருந்தால் என்று கேட்டாய். ஸ்தாபகரை வைத்து என்ன செய்வது? ஹமில்டன் இன்றைக்கும் பேசுகிறார் என்றால் யாரோ வழக்கோடு வாசலில் நிற்பதால்தான். இங்கே ஒரு லிகிதர் நின்றார். வாசலையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

உன் கல்லூரி நூலகத்தில் நியூ லோ ரிப்போர்ட்ஸ் என்ற தீர்ப்புத் தொகுப்பு இருக்கும். கோடீஸ்வரன் வழக்கில் பிரிவிக் கவுன்சில் சொன்னது அதில் இருக்கிறது. 72ஆம் தொகுதி, 337ஆம் பக்கம். வாசித்துவிட்டு எழுது. ஹமில்டனைப் பிறகு பார்க்கலாம்.