மூன்றாம் நாள் மாலை யாரை அழைப்பது?

சிகரெட்டை விட்டு மூன்று நாளாகிறது, தலை வெடிக்கிறது, இதே பாடுபடும் நாலு பேரோடு சேர்ந்தால் உண்மையில் பயன் உண்டா அல்லது அது வெறும் ஆறுதல்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்பில் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் இங்கேதான், வெள்ளவத்தையில்.

பயன் உண்டு. ஆனால் யாரைச் சேர்த்துக்கொள்வது என்பதில் நான் இரண்டு முறை கோட்டைவிட்டவன்.

பதினேழு வருடம் புகைத்தேன். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று. பெட்டியாக வாங்கியதே இல்லை. பெட்டி கையில் இருந்தால் கூடப் புகைப்போம் என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். உண்மையில் ஒவ்வொன்றுக்கும் கடைவரை நடந்துபோவதே பழக்கத்தில் பாதியாக இருந்தது. முதல் முறை விட்டபோது மனைவியைக் காவலுக்கு வைத்தேன். அவர் சட்டையை முகர்ந்து பார்க்க, நான் கராம்பை வாயில் போட்டுக்கொண்டு மாடிப்படி ஏறும் கள்வன் ஆனேன். இரண்டாம் முறை, வாழ்நாளில் புகையைத் தொடாத நண்பர் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தேன். மனதை அடக்கினால் போதும் என்றார். அன்றிரவே இரண்டு புகைத்தேன்.

மூன்றாம் முறை தற்செயலாக நடந்தது. எங்கள் ஒழுங்கை காலி வீதியில் தொடங்கிக் கடற்கரைக்கு இறங்குகிறது. முனையில் ஒரு சிறிய கடை, அதன் வாசலில் நூலில் கட்டித் தொங்கும் லைட்டர், பக்கத்தில் ஓட்டோ தரிப்பிடம். ஒருநாள் லைட்டர் பற்றவில்லை. ஓட்டோக்கார அண்ணனிடம் நெருப்பு கேட்டேன். "விட்டு இருபத்துநாலு நாள், தம்பி" என்றார். மூன்று கிழமை என்றோ, ஒரு மாதமளவில் என்றோ சொல்லவில்லை. நாளை எண்ணி வைத்திருந்தார். அந்த எண்ணிக்கையைக் கேட்டதும் இவருக்குத்தான் என் பாடு விளங்கும் என்று பட்டது. எங்கள் தொடர்மாடியில் மூன்றாம் மாடி ஐயாவும் சேர்ந்துகொண்டார். நாற்பது வருடப் பழக்கம், இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு விட்டவர். மூன்று பேர், அவ்வளவுதான்.

ஏற்பாடு ஒன்றே ஒன்று. புகைக்க வேண்டும்போல் வந்தால் ஒரு மிஸ்ட் கோல். பார்த்தவர் திருப்பி அழைக்க வேண்டும். எதைப் பற்றியும் பேசலாம், சிகரெட்டைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. அண்ணன் விடியற்காலை நாலரைக்கே எழுந்துவிடுவார், ஐயாவுக்கு நள்ளிரவிலும் தூக்கம் வராது, நான் பகல் முழுவதும் கந்தோரில். இருபத்துநாலு மணி நேரமும் யாராவது ஒருவர் விழித்திருந்தோம். ஆள் சேர்க்கும்போது இதை யோசியுங்கள். ஒரே நேரத்தில் தூங்கும் பத்துப் பேரால் பயனில்லை.

நீங்கள் இப்போது நிற்கும் இடத்துக்கு வருகிறேன். நிக்கொட்டினின் அளவு இரத்தத்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. அதனால் இரண்டாம், மூன்றாம் நாள்களில்தான் உடல் மிக மோசமாக முரண்டு பிடிக்கும். பிறகு இரண்டு முதல் நாலு கிழமைக்குள் படிப்படியாகத் தணியும். ஆனால் ஒவ்வொரு தடவையும் எழும் அந்த வேட்கை சில நிமிடங்கள்தான் நிற்கும்.  புகைத்த காலத்தில் இது எனக்குத் தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை, ஏனென்றால் ஒருநாளும் அதை முடியவிட்டுப் பார்த்ததில்லை.

என் மூன்றாம் நாள் மாலை ஐந்தரைக்கு நூறாம் இலக்க பஸ்ஸிலிருந்து இறங்கினேன். கால்கள் என்னைக் கேட்காமலே கடைப்பக்கம் திரும்பின. கடைக்காரர் என்னைக் கண்டதும் வழக்கம்போல் ஒன்றை உருவி மேசையில் வைத்துவிட்டார். லைட்டர் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. கைப்பேசியை எடுத்து இருவருக்கும் ஒவ்வொரு மிஸ்ட் கோல் கொடுத்தேன். ஐயாதான் அழைத்தார். எங்கே நிற்கிறாய் என்று கேட்கவில்லை. "கீழே கடற்கரைக்கு இறங்கு. இப்போது தெற்கே ஒரு ரயில் போகும். எத்தனை பெட்டி என்று எண்ணிச் சொல்" என்றார். இது என்ன விசர்க்கதை என்று நினைத்தபடியே இறங்கினேன். மரைன் டிரைவ் ஓரத்தில் நின்று எண்ணினேன், ஒன்பது. ஐயாவுக்குப் பலகணியிலிருந்து தண்டவாளம் தெரியும், அவரும் எண்ணியிருக்கிறார். பத்து என்றார். இயந்திரத்தைச் சேர்த்துவிட்டீர்கள் என்று நான் வாதாட, அதைக் கழித்துத்தான் சொன்னேன் என்று அவர் வாதாட, கால் மணி நேரம் போய்விட்டது. கடைக்காரர் எடுத்து வைத்த சிகரெட்டின் நினைவு வீட்டுப் படி ஏறும்போதுதான் வந்தது.

வேறு சில விஷயங்களும் அவர்களிடமிருந்துதான் தெரிந்தன. முக்கியமானது தேநீர். சிகரெட் புகையிலுள்ள தார்ப் பொருள்கள் ஈரலைத் தூண்டி, கஃபீனை விரைவாகக் கழிக்கச் செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகமும் குறைந்துவிடும். அதே ஐந்து பிளேன்டீ அப்போது பத்தைப்போல வேலைசெய்யும். கை நடுக்கம், படபடப்பு, தூக்கமின்மை எல்லாவற்றையும் சிகரெட்டை விட்டதன் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். தேநீரைப் பாதியாக்கிய மூன்றாம் இரவு தூங்கினேன். மலச்சிக்கல், வாய்ப்புண், முன்பைவிட மோசமான இருமல் ஆகியவையும் வரலாம். இதையெல்லாம் மனைவியிடம் சொன்னால் உடனே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போவார். ஐயாவோ, "எனக்குப் பதினொரு நாள் நீடித்தது, பப்பாசிப்பழம் சாப்பிடு" என்று முடித்துவிட்டார்.

ஒன்பதாம் நாள் விழுந்தேன். கொட்டாஞ்சேனையில் ஒரு செத்த வீடு. வெற்றிலை, பாக்கு, சுருட்டு, சிகரெட் அடுக்கிய தட்டம் சுற்றி வந்தது. இறந்தவரின் தம்பி கையால் நீட்டுகிறார், மறுப்பது எப்படி? வெற்றிலையை எடுத்திருக்கலாம், தட்டத்தைத் தொட்டுவிட்டு விட்டிருக்கலாம். நான் சிகரெட்டை எடுத்தேன். பாதியில் தலை சுற்றியது.

வீட்டில் சொல்லவில்லை. அவர்களிடம் சொன்னேன். "பாதியா, முழுதா?" என்று அண்ணன் கேட்டார். பாதி என்றேன். "மிச்சம் எங்கே?" கானுக்குள் போட்டுவிட்டேன் என்றேன். "அப்படியென்றால் இன்று ஒன்பதாம் நாள்தான்" என்றார். ஐயா ஒப்புக்கொள்ளவில்லை, முதலாம் நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். இருவரும் இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் அண்ணன் கட்சி. எண்ணிக்கைதான் போய்விட்டதே, நாளைக்குத் தொடங்கலாம் என்று அந்த நாளில் இன்னும் நாலைப் புகைக்கும் புத்தி எனக்கு உண்டு.

இன்னும் புகைத்துக்கொண்டிருப்பவரைத் துணைக்குச் சேர்க்காதீர்கள். எவ்வளவு நல்லவராக இருந்தாலும், ஒன்றுதானே என்று சொல்லிவிடுவார். உங்களுக்கு மூன்று கிழமை முன்னால் போகும் ஒருவர் போதும். கந்தோரில், பள்ளிவாசலில், கோவிலில், ஓட்டோ தரிப்பிடத்தில் வாய்விட்டுக் கேளுங்கள், அகப்படுவார். ஒருவருமே அகப்படாவிட்டால் 1948 என்ற இலக்கம் இருக்கிறது. புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் ஆலோசனைச் சேவை அது. நாடு சுதந்திரம் பெற்ற ஆண்டு, மறக்காது.

எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட்டைத் தேடியவராக இருந்தால் துணை மட்டும் போதாமல் போகலாம். நிக்கொட்டின் சுவிங்கம் போன்றவற்றைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அதைச் சாதாரண சுவிங்கம் போல மெல்லக்கூடாது. காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். தேநீர் குடித்த கையோடு போட்டால் சரியாக உறிஞ்சப்படாது. மனம் மிகவும் இருண்டு போனால், அதைப் பொறுத்துக்கொண்டு இருக்காமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.

எனக்குப் பதினான்கு மாதமாகிறது. ஐயாவும் தாக்குப்பிடிக்கிறார், ரயில் வழக்கு இன்னும் தீரவில்லை. அண்ணன் ஐந்தாம் மாதத்தில் விழுந்து, மறுபடி தொடங்கி, இப்போது ஆறாம் நாளில் நிற்கிறார். இன்று காலை ஐந்தேகாலுக்கு அவருடைய மிஸ்ட் கோல் வந்தது. தெஹிவளையில் மழை கொட்டுகிறது, வெள்ளவத்தையில் ஒரு துளிகூட இல்லை என்பதைப் பற்றி இருவரும் ஏழு நிமிடம் பேசினோம்.