வாலபியும் அதன் பெயரும்

கேள்வி: ஆஸ்திரேலிய ரக்பி அணிக்கு 'வாலபீஸ்' என்ற பெயர் எப்படி வந்தது? வாலபி என்பது எந்த மொழிச் சொல்? சென்ற விடுமுறையில் கிம்பர்லியிலிருந்து அப்பிங்டனுக்கு இரவில் காரில் சென்றபோது, சிறு கங்காருவைப் போலத் தாவி ஓடிய ஒரு விலங்கைப் பார்த்தோம். அது வாலபியா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: வாலபி என்பது ஆங்கிலச் சொல்லே அன்று. 1788இல் சிட்னியில் குடியேறிய ஆங்கிலேயர், அப்பகுதியின் தொல்குடி மக்களது தாருக் மொழியிலிருந்து அதை எடுத்துக்கொண்டார்கள். கங்காரு என்ற சொல்லோ வெகு தொலைவில், வடகிழக்குக் கரையில் வழங்கும் கூகு யிமிதிர் மொழிக்கு உரியது. 1770இல் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் கப்பல் பழுதுபார்ப்புக்காக அங்கே நின்றபோது குறித்துக்கொள்ளப்பட்டது. 'எனக்குத் தெரியாது' என்று ஒருவர் சொன்னதையே வெள்ளையர் விலங்கின் பெயராக எண்ணிவிட்டனர் என்று இன்றும் பலர் சொல்லிவரும் கதை உண்மையன்று. ஒரு வகைக் கங்காருவுக்கு அம்மக்கள் வழங்கிய பெயர்தான் அது. தம் நிலத்து உயிர்களை நுட்பமாக வகைபிரித்துப் பெயரிட்டிருந்த மக்களை அறியாதவர்களாகக் காட்டும் அக்கதையை நாம் பரப்பாதிருப்பதே நியாயம்.

வாலபி என்பது தனியோர் இனத்தின் பெயரும் அன்று. கங்காருக் குடும்பத்தில் உருவத்தால் சிறிய பல இனங்களுக்குப் பொதுவாக வழங்குவது.

நம் தென்னாப்பிரிக்க நாட்டு அணி 1906ஆம் ஆண்டுப் பிரிட்டன் பயணத்தில் 'ஸ்பிரிங்பாக்ஸ்' என்று பெயர் பெற்றதை அறிவீர்கள். 1908இல் அங்கே சென்ற ஆஸ்திரேலியர்களுக்கு 'முயல்கள்' என்ற பெயரைப் பத்திரிகைகள் சூட்டப் பார்த்தன. ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டு, பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்துவந்த பிராணியின் பெயரை ஏற்க வீரர்களுக்கு மனம் வரவில்லை. தம் மண்ணுக்கே உரிய வாலபியைத் தேர்ந்துகொண்டார்கள்.

நீங்கள் பார்த்தது, பெரும்பாலும், ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் 'ஸ்பிரிங்ஹாஸ்' எனப்படும் விலங்காகத்தான் இருக்கும். பகலில் வளைக்குள் உறங்கி இரவில் மேயும் அது, கார் விளக்கொளியில் கண்கள் பளிச்சிட, பின்னங்கால்களால் நெடுந்தாவலாகத் தாவும். அடர்ந்த வாலின் நுனி கறுத்திருக்கும். ஆயினும் அது அணில், எலி போன்ற கொறிக்கும் விலங்குகளைச் சேர்ந்தது, வாலபிக்கு உறவில்லை. வாலபிக் குட்டி, அவரை விதையளவே இருக்கும்போது பிறந்து, தானாகவே தாயின் வயிற்றுப்பைக்குள் ஊர்ந்து சென்று அங்கே மாதக்கணக்கில் வளரும். ஸ்பிரிங்ஹாஸுக்கு அத்தகைய பை கிடையாது. அதன் குட்டி உடல் முழுதும் மயிருடன், நன்கு வளர்ந்த நிலையிலேயே பிறக்கிறது.