வல்லாரையும் நாரத்தையும் சேர்ந்தால் சிறுநீரகம் தேறுமா?

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. இருபது வருடமாகச் சர்க்கரை. போன மாதம் பார்த்ததில் ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு 2.1. இன்சுலின், டெல்மிசார்டன், அம்லோடிபின் எடுக்கிறார். சீன மருத்துவத்தில் வல்லாரைச் சத்தையும் நாரத்தைச் சத்தையும் சேர்த்துக் கொடுத்தே சிறுநீரகத்தைக் குணப்படுத்திவிட்டார்கள் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வந்தது. பத்து நாளாக வெறும் வயிற்றில் இரண்டையும் அரைத்துச் சாறாகக் குடிக்கிறார். ஆன்லைனில் ஒரு சீன மூலிகை கேப்சூலும் வாங்கி வைத்திருக்கிறார். தொடரலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சாற்றை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். கேப்சூல் டப்பாவைத் திறக்கவே வேண்டாம். நாளைக் காலையிலேயே ரத்தத்தில் பொட்டாசியமும் கிரியாட்டினினும் பார்த்துவிடுங்கள். இந்த வயதில் 2.1 என்றால், சிறுநீரகம் வடிகட்டும் திறன் (eGFR) நிமிடத்துக்கு ஏறக்குறைய 35 மில்லிதான். டெல்மிசார்டன் நல்ல ரத்த அழுத்த மருந்து, ஆனால் பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்க வைக்கும். அதற்கு மேல் கீரைச் சாறும் புளிப்புப் பழச் சாறும் தினமும் போனால், பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தடுமாறலாம். அதற்காக டெல்மிசார்டனை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ரிசல்ட்டைப் பார்த்து டாக்டர் சொல்லட்டும்.

சரி, அந்தச் செய்திக்கு வருவோம். அது முழுப் பொய் இல்லை. ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2015-இல் அப்படி ஒரு ஆய்வை வெளியிட்டது. நாள்பட்ட சிறுநீரக நோயில் உறுப்புக்குள் தழும்பு பிடித்துக்கொண்டே போகும். தழும்பைக் கிளப்பிவிடும் புரதம் ஸ்மாட்-3, அதைப் பிடித்து நிறுத்துவது ஸ்மாட்-7. வல்லாரையில் இருக்கும் ஏஷியாட்டிக் அமிலம் ஸ்மாட்-7ஐக் கூட்டுகிறது. நாரிஞ்செனின் என்ற பொருள் ஸ்மாட்-3ஐ அடக்குகிறது. தனித்தனியாகக் கொடுத்ததைவிட இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது தழும்பு குறைந்தது. யோசனை அருமையானது, எனக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் யாருக்குக் குறைந்தது? எலிக்கு. சுண்டெலியின் ஒரு பக்கச் சிறுநீர்க் குழாயைக் கட்டிவிடுவார்கள். சிறுநீர் தேங்கி, ஒரே வாரத்தில் அந்தச் சிறுநீரகம் தழும்பாகிவிடும். உங்கள் அப்பாவுக்கு வந்திருப்பது இருபது வருடச் சர்க்கரை மெல்ல மெல்ல அரித்த சேதம். எலிக்குக் கொடுத்ததும் சாறு அல்ல. பிரித்தெடுத்துச் சுத்தம் செய்த வேதிப்பொருள், எடைக்கு ஏற்ற அளவில். வல்லாரை இலையில் அந்த அமிலம் எவ்வளவு இருக்கும் என்பது மண்ணுக்கு மண், பருவத்துக்குப் பருவம் மாறும். நாரிஞ்செனினை நாரத்தை ஆக்கியது யாரோ ஒரு மொழிபெயர்ப்பாளரின் கைவண்ணமாக இருக்க வேண்டும்! அது அதிகம் பேசப்படுவது பம்ளிமாஸின் உறவான கிரேப்ஃப்ரூட்டில். அந்தப் பழமோ சில ரத்த அழுத்த, கொலஸ்ட்ரால் மாத்திரைகளின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும்.

கேப்சூலைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில், உடல் மெலிய ஒரு கிளினிக்கில் சீன மூலிகை சேர்த்த கேப்சூல் சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். பலருக்கு டயாலிசிஸ் அல்லது மாற்றுச் சிறுநீரகம் தேவைப்பட்டது. சிலருக்குப் பின்னாளில் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. காரணம் ஒரு பெயர்க் குழப்பம். 'ஃபாங்ஜி' என்ற பெயரில் இரண்டு மூலிகைகள் உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று கலந்துவிட்டது. கலந்ததில் இருந்த விஷம் அரிஸ்டோலோகிக் அமிலம். நம் ஊர் ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும் அதே செடிக் குடும்பம்தான் என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

சீன மருத்துவம் என்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஹுவாங் சீ என்ற வேர் சிறுநீரில் புரதம் போவதைக் குறைக்கலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவற்றின் தரம் போதாது. அவர்கள் கூட்டு மருந்துகளில் அதிமதுரம் அடிக்கடி சேரும். அது ரத்த அழுத்தத்தை ஏற்றும். பேதியாக்கப் பயன்படும் தா ஹுவாங் என்ற வேர் சேர்ந்திருந்தால், வயிற்றுப்போக்கில் நீர் வற்றி இருக்கிற 35-உம் இறங்கிவிடும். டப்பாவில் எது எவ்வளவு என்று தெரியாமல், ஒன்றோடு ஒன்று சேரும்போது என்ன ஆகும் என்று எப்படிச் சொல்வது?

மூலிகையிலிருந்துதான் வர வேண்டும் என்று அப்பா பிடிவாதம் பிடித்தால், ஆப்பிள் மரத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அதன் பட்டையிலிருந்து 1835-இல் ஃபுளோரிசின் என்ற பொருளைப் பிரித்தார்கள். அது சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும், ஆனால் குடலிலேயே சிதைந்துவிடும். அதை மாற்றி அமைத்த வழியில் வந்ததுதான் இன்றைய டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை. 2020-இல் வந்த ஆய்வில் 4,304 சிறுநீரக நோயாளிகளில் பாதிப் பேருக்கு அதைக் கொடுத்துப் பார்த்ததில், மற்றவர்களைவிட அவர்களுக்குச் சிறுநீரகம் மோசமாவது, அதனாலோ இதயத்தாலோ இறப்பது ஆகியவை சேர்ந்து 39 சதவீதம் குறைந்தன. கூட்டு மருந்தும் உண்டு. அதே வகையான எம்பாகிளிஃப்ளோசினையும், சிறுநீரகத்தைக் காக்கும் வேறு வகை மருந்தான ஃபினரெனோனையும் சேர்த்துக் கொடுத்த ஆய்வு 2025-இல் வெளியானது. தனியாகக் கொடுத்ததைவிடச் சிறுநீர்ப் புரதம் கூடுதலாகக் குறைந்தது.

அப்பாவின் பட்டியலில் இந்த வகை மருந்து எதுவும் இல்லை. ஏன் இல்லை, சேர்க்கலாமா என்று சிறுநீரக மருத்துவரிடம் கேளுங்கள். ஃபினரெனோனும் பொட்டாசியத்தை ஏற்றும் என்பதால் ரிசல்ட் வந்த பிறகுதான் அது பற்றிப் பேச முடியும். சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் எவ்வளவு போகிறது என்ற பரிசோதனையையும் எடுத்து வையுங்கள். போகும்போது அந்தக் கேப்சூல் டப்பாவையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள், பத்து நாள் சாறு குடித்ததையும் மறைக்காதீர்கள். அப்புறம், வல்லாரைத் துவையல் எப்போதாவது ஒரு ஸ்பூன் போதும், அதுவும் பொட்டாசியம் சரியாக இருந்தால். உப்பு நாரத்தங்காய் ஊறுகாய் மட்டும் வேண்டவே வேண்டாம்.