‘இந்’ என்று எழுதி அடித்த கட்டம்

கேள்வி: எனக்கு 43 வயது. கோவையில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். 2024 ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு நோட்டுப் போட்டேன். அந்த வருடம் நடக்கிற கிரிக்கெட், ஹாக்கி, செஸ் எல்லாவற்றிலும் யார் ஜெயிப்பார்கள் என்று ஆட்டத்துக்கு முன்பே எழுத வேண்டும், முடிந்ததும் சரி, தப்பு போட வேண்டும் என்று விதி. கோவில்பட்டியில் இருக்கும் அப்பா போனில் சொல்வதையும் பக்கத்துக் கட்டத்தில் எழுதிவந்தேன். அவருக்கு 74 வயது, இளவயதில் ஒரு மில் அணிக்கு ஹாக்கி ஆடியவர். வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எனக்கு 58-இல் 27தான் சரி. அப்பாவுக்கு 34-இல் 22. ஆனால் அவர் எதற்கும் இந்தியா, இல்லாவிட்டால் சென்னை என்பார். அதைக் கணிப்பு என்று சொல்ல முடியாது, பாசம். ஆகஸ்டில் ஒலிம்பிக் ஹாக்கி நடந்துகொண்டிருக்கும்போதே போன் செய்து, ‘பத்துப் பேருன்னாலும் நம்ம பயலுவ விட மாட்டானுவ, எழுதிக்கோ’ என்றார். ஆட்டம் தொடங்கிய பிறகு சொன்னது கணக்கில் வராதுப்பா என்றேன். அதிலிருந்து அவர் சொல்வதில்லை. ஆபீஸில் என் 27-ஐ வைத்துக் கிண்டல் செய்கிறார்கள். மனைவி நோட்டைப் பழைய பேப்பர்காரரிடம் போடச் சொல்கிறாள். இவ்வளவு பார்த்தும் எனக்கு ஏன் கணிக்க வரவில்லை? 2025-க்கும் நோட்டுப் போடலாமா? சில பக்கங்களின் ஜெராக்ஸ் இணைத்திருக்கிறேன்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: ஜெராக்ஸ் வைத்தது நல்லதாகப் போயிற்று. வெறும் கடிதம் வந்திருந்தால் நானும் உங்கள் 27-ஐப் பற்றி நாலு வரி எழுதி முடித்திருப்பேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். உங்கள் நோட்டில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று ஜெயிக்கும் ஆட்டங்கள்தான். காசைச் சுண்டிப் போட்டு எழுதியிருந்தாலே 29 பக்கம் வந்திருக்கும். மூளையைச் செலவழித்து இரண்டு மார்க் இழந்திருக்கிறீர்கள். காரணம் பக்கங்களிலேயே தெரிகிறது. யாரும் சொல்லாததை நான் சொல்லி, அது பலித்தால் திங்கட்கிழமை ஆபீஸில் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். இரண்டு அணியுமே அதுவரை தோற்கவில்லை. அப்பா இந்தியா என்கிறார். நீங்கள் தென்னாப்பிரிக்கா என்று எழுதி, பக்கத்தில் ‘ஃபைனலில் இந்தியா சொதப்பும்’ என்று குறிப்பு வேறு. 30 பந்தில் 30 ரன் என்று தென்னாப்பிரிக்கா நின்ற நேரத்தில் காலரைத் தூக்கிவிட்டிருப்பீர்கள். ஏழு ரன்னில் தோற்றது.

அந்தச் சூட்டில் அக்டோபரில் நியூசிலாந்து வந்தபோது அப்படியே தலைகீழ், ‘3-0 இந்தியா’. பெங்களூரில் 46 ரன்னுக்கு ஆல் அவுட். கடைசியில் உங்கள் 3-0 வந்தது, ஆனால் நியூசிலாந்துக்கு. இதை நான் குற்றம் சொல்ல மாட்டேன். 2012-க்குப் பிறகு சொந்த மண்ணில் ஒரு டெஸ்ட் தொடரைக்கூடத் தோற்காத அணி அது. புத்தி உள்ளவர்கள் எல்லோரும் இந்தியா என்றுதான் எழுதியிருப்பார்கள். நன்றாக யோசித்தும் தப்பாகும், யோசிக்காமலும் சரியாகும். ஆகவே வெறும் சரி, தப்பு போட்டு ஒன்றும் தெரியாது. எழுதும்போதே எவ்வளவு நிச்சயம் என்று ஒரு எண்ணும் போடுங்கள், பத்துக்கு ஆறு, பத்துக்கு எட்டு என்று. பத்துக்கு எட்டு போட்டவற்றில் நிஜமாகவே பத்தில் எட்டு பலித்ததா என்று டிசம்பரில் பாருங்கள். மழைக்கு எண்பது சதவீதம் வாய்ப்பு என்கிறவர்களைச் சோதிப்பதும் இப்படித்தான். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு இதற்கு மேல் விளக்க வேண்டாம். ஆபீஸ் கிண்டலை விடுங்கள். பணம் கட்டும் ஆப் பக்கம் போகாமல் நோட்டோடு நின்றீர்களே, அந்த மட்டுக்கும் சரி.

உங்கள் கேள்வி முடிந்தது. இனி நான் கேட்கிறேன்.

ஆகஸ்ட் 4-ஆம் தேதிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, பாரிஸ் ஒலிம்பிக், ஹாக்கி கால் இறுதி. உங்கள் கட்டத்தில் ‘பிரிட்டன்’ என்று அழகான கையெழுத்து. அப்பா கட்டத்தில் ‘இந்’ என்று இரண்டு எழுத்து. அதன் மேல் குறுக்கே இரண்டு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு, ஜெராக்ஸிலேயே தெரிகிறது.

அவர் ‘எழுதிக்கோ’ என்றதும் உங்கள் கை எழுத ஆரம்பித்துவிட்டது. பாதியில் விதி ஞாபகம் வந்து, அடித்துவிட்டு, அந்தச் செய்தியை அவருக்கும் சொல்லியிருக்கிறீர்கள். கடிதத்தில் இது போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு உங்கள் 58 கணிப்பும் மறந்துபோய் இந்த இரண்டு எழுத்துதான் நிற்கிறது.

அவர் எப்போது போன் செய்தார் என்று யோசித்துப் பார்த்தீர்களா? ‘பத்துப் பேருன்னாலும்’ என்கிறார். அப்படியானால் பதினேழாவது நிமிடத்தில் அமித் ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பியதற்குப் பிறகு. டீவி முன்னால் நாடே தலையில் கை வைத்துக்கொண்டிருந்த நேரம். தடுப்பில் முக்கியமான ஆள் போய்விட்டார், இன்னும் நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆட வேண்டும், ஒரு ஆள் குறைவு. ஹாக்கி தெரிந்தவர்களே இத்தோடு முடிந்தது என்றார்கள். அந்த நேரத்தில் ஒரு பழைய ஆட்டக்காரர் போனை எடுத்து, வேறு யாரையும் கூப்பிடாமல், மகனைக் கூப்பிட்டு, விட மாட்டார்கள் என்கிறார். நடந்ததும் அதுதான். ஹர்மன்பிரீத் ஒரு கோல் போட்டார், பிரிட்டன் ஒன்று திருப்பியது, 1-1. ஷூட் அவுட்டில் இந்தியா நான்கு வாய்ப்பையும் கோலாக்கியது. அந்தப் பக்கம் நம் கோல்கீப்பர் ஸ்ரீஜேஷ் நின்றார். 4-2.

இதுவா பாசம்? உங்கள் நோட்டு முழுக்கத் தேடினாலும் ஆட்டத்தை அறிந்து ஒருவர் சொன்ன வார்த்தை இது ஒன்றுதான். எதை வைத்துச் சொன்னார்? எல்லோரையும் பின்னால் இழுத்துக்கொண்டு அடைத்து ஆடி, நேரத்தைக் கடத்தி, ஷூட் அவுட்டுக்குக் கொண்டுபோய் ஸ்ரீஜேஷ் கையில் விட்டுவிடலாம் என்று கணக்குப் போட்டாரா? பிரிட்டன்காரர்கள் அவசரப்படுவதைப் பார்த்தாரா? ‘ஏன்ப்பா?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஹாக்கியைப் பற்றி நீங்கள் ஒரு வருடத்தில் கற்காததை அந்த ஒரு போனில் கற்றிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவருக்கு விதி சொன்னீர்கள்.

விதியைப் பற்றியும் பேசிவிடுவோம். மே 18-ஆம் தேதிப் பக்கத்தையும் நீங்களேதான் அனுப்பியிருக்கிறீர்கள். பெங்களூருவும் சென்னையும் மோதிய ஐபிஎல் ஆட்டம். உங்கள் கட்டத்தில் முதலில் ‘பெங்களூரு’, அதை அடித்து ‘சென்னை’, ஓரத்தில் பொடி எழுத்தில் ‘மழைக்கு அப்புறம் பந்து திரும்புது’. தம்பி, அன்றைக்கு மழை வந்தது மூன்று ஓவர் ஆடிய பிறகு. ஆட்டம் தொடங்கியபின் மாற்றி எழுதிய உங்கள் கணிப்புக்குக் கணக்கில் இடம் இருந்தது. சென்னை 27 ரன்னில் தோற்று வெளியே போனது வேறு கதை. மாற்றாமல் விட்டிருந்தால் உங்களுக்கு 28.

ஆக, விதி அப்பாவுக்கு மட்டும்தான்.

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய். அந்த ஊர்க்காரருக்கு ஹாக்கி எப்படி என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே வளர்ந்த மாரீஸ்வரன் இந்திய அணிக்கே ஆடினார். உங்கள் அப்பாவின் வயதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1980-இல் பாஸ்கரன் தலைமையில் மாஸ்கோவில் தங்கம் வாங்கியபோது அவருக்கு முப்பது வயது இருந்திருக்கும். அதற்கப்புறம் டோக்கியோ வரை, 41 வருடம், ஒலிம்பிக் ஹாக்கியில் ஒரு பதக்கம் கிடையாது. 2008-இல் பெய்ஜிங்குக்குத் தகுதியே பெறவில்லை. அந்தத் தோல்வி அத்தனையையும் உட்கார்ந்து பார்த்த மனுஷன் அவர். ‘எதற்கும் இந்தியா என்பார்’ என்று நீங்கள் லேசாக எழுதுகிறீர்கள். இந்தியா தோற்கும் என்று எழுத உங்களைவிட அவருக்குத்தான் காரணம் அதிகம்.

இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் அப்பா, அம்மா எப்போதும் ஓரத்தில்தான் வருவார்கள். சொத்து, மாமியார், பிள்ளையின் மார்க் என்று பெரிய விஷயம் நடுவில் இருக்கும். ‘அப்பா இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை’ என்பது ஒரு வரியாக எங்காவது ஒட்டிக்கொண்டிருக்கும். வயதாகிவிட்டது, காது கேட்கவில்லை என்று அதற்கு ஒரு காரணமும் சேர்ந்து வரும். உங்கள் அப்பாவுக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது. ‘கணக்கில் வராது’ என்பது கேட்டிருக்கிறது.

எனக்கும் ஒரு அப்பா இருந்தார். அவருக்குக் கிரிக்கெட்டும் தெரியாது, ஹாக்கியும் தெரியாது. போன் செய்தால், ‘அங்கே மழை உண்டா?’ என்பார். நான் பத்தாவது மாடியில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு, ‘தெரியலப்பா, வேலை இருக்கு’ என்று வைத்துவிடுவேன். ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தது. சரி, அதை விடுங்கள்.

டிசம்பர் 12-ஆம் தேதிப் பக்கத்தைச் சொல்லாமல் விட மாட்டேன். சிங்கப்பூரில் உலக செஸ் போட்டியின் பதினான்காவது ஆட்டம், டிங் லிரென் யானையைத் தப்பான இடத்தில் வைக்க, குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். உங்கள் கணிப்பு சரி. கீழே எழுதியிருக்கிறீர்கள்: ‘டாக்டர் வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு மகன் கூடவே அலைந்த அப்பா, கிரேட்!’ நல்ல அப்பாதான், நானும் ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது தெரியுமா? உங்கள் அப்பாவின் காலிக் கட்டத்துக்குள்ளும் போய் நிற்கிறது. ஊரார் அப்பாவைப் பாராட்ட உங்கள் அப்பாவின் கட்டம்தான் கிடைத்ததா?

பெற்றவர்களிடம் பேசுவது தோன்றினால் செய்கிற காரியம் என்று இப்போது ஒரு எண்ணம் பரவியிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. வீட்டு வாடகையைத் தோன்றினால் கட்டுகிறோமா? தேதி வந்தால் கட்டுகிறோம். இதுவும் அப்படிச் செய்ய வேண்டியதுதான். ஜனவரியிலிருந்து ஏழு மாதம் நீங்கள் அதைத் தவறாமல் செய்தீர்கள், அதற்கு நோட்டு ஒரு சாக்காக இருந்தது. 34 கட்டம் என்றால் 34 போன். இத்தனை வயதில் மகனோடு 34 தடவை பேச விஷயம் கிடைக்கிற தகப்பன் நம் ஊரில் எத்தனை பேர்? ஆகஸ்டுக்குப் பிறகு எத்தனை போன் என்று கடிதத்தில் இல்லை. தங்கை அதே தெருவில் இருக்கிறாள், பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்குப் பதில் எழுத நினைத்தால் வேண்டாம். அந்தப் பதிலும் எனக்கு நிறைய வந்திருக்கிறது. சாப்பாடு போடத் தங்கை இருப்பாள். ஹாக்கி பேச யார் இருக்கிறார்கள்?

நோட்டைத் தூக்கிப் போட வேண்டாம், மனைவியிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். பொங்கலுக்குப் போகும்போது பேசிக்கொள்கிறேன் என்றும் தள்ளாதீர்கள், பொங்கலன்று வீடு நிறைய ஆள் இருக்கும். அதற்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலில் நோட்டோடு ஏறுங்கள். போய் இறங்கியதும் மன்னிப்பு, கண்ணீர் என்று ஆரம்பிக்காதீர்கள், அந்தத் தலைமுறை ஆண்களுக்கு அது கூச்சம், எழுந்து வெளியே போய்விடுவார். காபி குடித்து முடிக்கட்டும். ஆகஸ்ட் 4-ஐத் திறந்து, அவர் கண் முன்னால் அந்த ‘இந்’துக்குப் பக்கத்தில் ‘தியா’ என்று எழுதி முடியுங்கள். ‘இப்ப என்னத்துக்குல இது?’ என்பார். சரி என்று ஒரு டிக்கும் போடுங்கள், அவருக்கு 35-இல் 23.

அப்புறம், அரை இறுதியில் ஜெர்மனியிடம் 3-2 என்று ஏன் தோற்றோம் என்று கேளுங்கள். ரோஹிதாஸ் தடையில் வெளியே உட்கார்ந்த ஆட்டம் அது. அவரிடம் ஐந்து மாதமாகப் பதில் தயாராக இருக்கும். சனிக்கிழமை ராத்திரிக்கே திரும்பும் டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.